லிஃப்ட் அக்காவும் அடிக்கட்டையும்

மெஷின் வாங்கப் போன அன்று லிஃப்ட் அக்கா கையில் எடுத்துப்போனது ஓர் அளவு டேப்பும், மூலை மடங்கிப்போன ஒரு நோட்டும்தான்.

கடையின் பின்புற முற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. விற்பனைக்காரர் அவளையும் அவள் கணவரையும் நேராகப் பெரிய லோடர் ஒன்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். உட்கார்ந்து ஓட்டும் இருக்கை, கண்ணாடிக் கூண்டு, ஆளுயர டயர். அக்காவின் கணவருக்குப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. சுற்றிச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது ஒரு டன்னைப் பூ மாதிரி தூக்கும்" என்றார் விற்பனைக்காரர்.

"தூக்கும் தம்பி. வீட்டுப் பின்பக்கம் எப்படிப் போகும்? கூரை மேல ஏறியா?"

நோட்டைப் பிரித்துக் காட்டினாள். ஆறு மாதமாக மரம் வெட்டும் வேலைக்குப் போன வீடுகளின் வாசற்கதவையும் பக்கச் சந்தையும் ஒன்று விடாமல் அளந்து எழுதியிருந்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று வீடுகள். அவற்றில் முப்பத்தொன்றில் சந்து ஒரு மீட்டருக்கும் குறைவு. மரம் முன்னால் நின்றால் லாரி வந்து இழுத்துப் போட்டுவிடும், யாரும் இவர்களைத் தேடி வர வேண்டியதில்லை. பின்னால் நிற்கும் மரத்துக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள். அங்கே போய்ச் சேராத வண்டி எத்தனை டன் தூக்கினால் என்ன?

கணவர் பெரிய வண்டியை விட்டு மனசில்லாமல் விலகி வந்தார்.

லிஃப்ட் அக்கா என்ற பெயர் பழைய வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டது. தரை ஓடு அடுக்கி வைக்கும் கிடங்கில் பதினோரு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள் அவள். கணவர் மரம் ஏறி வெட்டுபவர். இருபது வருடமாகக் கயிறும் பவர் ரம்பமுமாக உச்சிக்கிளையில் வாழ்ந்த மனிதர், ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஈரக்கிளை ஒன்றில் கை வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் கம்பி வைத்துக் கட்டினார்கள். ஏழு மாதம் படுக்கை. எழுந்தபோது நடை சாய்ந்திருந்தது, மரம் ஏறும் பேச்சே இல்லை என்று ஆகிவிட்டது. அவருடைய தம்பி ஏறத் தெரிந்தவன். தொழில் நிற்கக் கூடாது என்று அக்கா கிடங்கு வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள்.

வெட்டுவது பெரிய காரியமாக இல்லை. வெட்டியதை வெளியே கொண்டுவருவதில்தான் உயிர் போனது. பச்சை மரத்தின் கனம் பார்வைக்குத் தெரியாது. தோளில் தூக்கி, தரையில் உருட்டி, சுவரில் இடித்து, வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கி, கடைசியில் அடிக்கட்டையைக் கோடரியும் கடப்பாரையுமாகத் தோண்டி எடுக்க இரண்டு நாள். அதற்காகத்தான் மெஷின்.

நான்காவதாக நின்ற சின்ன வண்டியை அவள் கேட்டாள். ரப்பர் பட்டையில் ஊரும் மினி லோடர். இருக்கை கிடையாது. பின்னால் இருக்கும் படியில் நின்றுகொண்டு, கைப்பிடியை அழுத்திப் பிடித்து ஓட்ட வேண்டும். பிடியை விட்டால் வண்டி நின்றுவிடும். வண்டியின் முன்கையில் வேண்டியதை மாட்டிக்கொள்ளலாம். கட்டையைக் கவ்வுகிற இடுக்கியை மாட்டினால் சுமை தூக்கும், பற்கள் பதித்த சக்கரத்தை மாட்டினால் அடிக்கட்டையை மண்ணுக்குக் கீழே ஒரு முழம் வரை அரைத்துத் தூளாக்கும். அகலம் எண்பத்தெட்டு சென்டிமீட்டர். முற்றத்தில் தண்ணீர் தேங்கிய இடமாகப் பார்த்து ஓட்டினாள். பட்டை புதையவில்லை. ஒரு கட்டையைக் கவ்விக்கொண்டு மெதுவாகத் திரும்பினாள். எந்த உயரத்தில் வண்டியின் பின்புறம் லேசாகிறது என்று பாதத்தில் உணர்ந்து பார்த்தாள்.

"எவ்வளவு தூக்கும்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க என்னக்கா கவுத்துப் பாக்குறீங்க?" என்றார் விற்பனைக்காரர்.

"எப்பக் கவுழும்னு தெரிஞ்சாத்தானே தம்பி கவுக்காம ஓட்ட முடியும்."

வண்டி வீட்டுக்கு வந்தது. கணவர் அதற்கு வைத்த பெயர் பொம்மை. "பொம்மை கிளம்பிருச்சா?" "பொம்மைக்கு டீசல் போட்டாச்சா?" வேலையிடத்தில் கயிறு பிடிப்பார், கிளை விழும் திசை சொல்வார், தம்பிக்குக் கீழிருந்து குரல் கொடுப்பார். வண்டியின் படியில் மட்டும் ஐந்து மாதத்தில் ஒரு முறைகூடக் கால் வைக்கவில்லை. அவளும் ஏறச் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டர் வீட்டு வேலை வந்தது.

முன்பக்கம் மருத்துவ அறை, பின்பக்கம் வீடு, அதற்கும் பின்னால் சின்னத் தோட்டம். தோட்டத்து மரம் முந்தின வாரக் காற்றில், இரண்டாகப் பிரியும் கவையில் பிளந்திருந்தது. ஒரு பாதி, சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுத் தகரக்கூரையின் மேல் தொங்கியது. அந்தக் கூரைக்கு அடியில் டெய்லரம்மா ஒருத்தி நான்கு தையல் மெஷின்களைப் போட்டு வேலை நடத்திக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடை தைத்து முடிக்கும் அவசரம். வெளியே வரச் சொன்னால் "ஒரே ஒரு காலர் பாக்கி" என்பாள், அந்தக் காலர் முடிவதே இல்லை. மதியத்துக்கு மேல் மழையும் காற்றும் வரும் என்று காலையிலேயே செய்தியில் சொல்லியிருந்தார்கள்.

அக்கா சந்தின் அகலத்தை அளந்தாள். தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டர். ஒவ்வொரு பக்கமும் ஒரு விரல்தான் இடம்.

"வேரோட பிடுங்குறது நமக்கும் பழக்கம்தான்" என்று சிரித்தார் டாக்டர்.

"நீங்க ஊசி போட்டுட்டுப் பிடுங்குவீங்க டாக்டர். எங்களுக்கு அந்த வசதி இல்ல. மண்ணுக்குக் கீழ என்னென்ன போகுதுன்னு சொல்லுங்க."

வாங்கிப் பதினைந்து வருடம் ஆன வீடு. அவர் வீட்டு வரைபடத்தை விரித்து, தண்ணீர்க் குழாய் இந்தப் பக்கம், மின்சாரக் கம்பி அந்தப் பக்கம் என்று காட்டினார். வேறு எதுவும் இல்லை என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கொழுந்தன் எட்டு மணிக்கு ஏறினான். கூரைக்கு மேலே தொங்கிய பாதியை நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் போகும்போது பிளவு கொஞ்சம் வாயைத் திறந்து மூடியது. கீழே அண்ணன் கயிற்றைக் கையில் சுற்றாமல், மரத்தடியில் கட்டிய இரும்பு வளையத்தில் ஓடவிட்டு இறக்கினார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கடைசிக் கிளை கூரையை உரசாமல் இறங்கிய பிறகுதான் டெய்லரம்மா எட்டிப் பார்த்தாள். "முடிஞ்சுதா? சத்தமே கேக்கலையே" என்றாள். கொழுந்தன் மேலிருந்து கைகூப்பினான்.

நடுமரத்தை அறுக்கும்போது சின்ன உரசல் வந்தது.

"நாலடியா வெட்டுடா, சீக்கிரம் முடியும். மேகம் ஏறுது பாரு" என்றார் அண்ணன்.

அக்கா வண்டியை நிறுத்தினாள். "வேணாம் தம்பி. மூணடிக்கு மேல போகாத. இது பச்சை. சந்துல திரும்பும்போது பின்பக்கம் எழும்பிரும்."

"பயந்தாங்கொள்ளி வண்டியை வாங்கி வச்சுக்கிட்டு..." என்று முணுமுணுத்தார் அவர். கொழுந்தன் அண்ணனையும் பார்த்தான், அண்ணியையும் பார்த்தான், மூன்றடியில் ரம்பத்தை வைத்தான். கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் கட்டையைத் தரையோடு தரையாகத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து, இருபத்தாறு நடையில் அவ்வளவையும் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சந்துச் சுவரில் ஒரு கீறல் விழவில்லை.

ஒரு மணிக்கு அடிக்கட்டை மட்டும் மிச்சம். பெரிய வட்ட மேசை அளவுக்கு இருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இடுக்கியைக் கழற்றி அரைக்கும் சக்கரத்தை மாட்டி முடித்து அவள் நிமிர்ந்தபோது கணவர் பக்கத்தில் நின்றார்.

"இதை நான் அரைக்கிறேன்."

ஐந்து மாதம் தொடாத வண்டி. இதற்காக அவள் ஆசைப்பட்டதும் உண்டு. ஆனால் இன்றைக்கா, காலையில் முகம் கொடுத்துப் பேசாத இந்த நாளிலா?

"சரி. ஒரு அஞ்சு நிமிஷம். மண்ணைக் குத்திப் பாத்துடுறேன்."

அது அவளுடைய வழக்கம். அரைப்பதற்கு முன்னால் அடிக்கட்டையைச் சுற்றியும் வண்டி நிற்கப்போகும் இடத்திலும் எட்டு இடங்களில் நீண்ட கூர்க்கம்பியை இறக்கிப் பார்ப்பாள். கல்லோ குழாயோ இருந்தால் கைக்குத் தெரியும். அன்று காலை முழுவதும் வண்டி தோட்டத்தின் இடது ஓரமாக, பலகை விரித்த பாதையில்தான் போய் வந்தது. அடிக்கட்டையை அரைக்க வலது பக்கம் நிற்க வேண்டும். அங்கே அன்று இன்னும் யாரும் கால் வைக்கவில்லை.

சுவரோரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று குத்தினாள். மண் பதமாக வாங்கிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் அவர் ஏற்கனவே படியில் ஏறி நின்றார். முதுகு விறைப்பாக இருந்தது. கொழுந்தன் ரம்பத்தைத் துடைப்பதை விட்டுவிட்டு அண்ணனையே பார்த்தான்.

"பரீட்சை முடிஞ்சுதா டீச்சர்?" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காது சிவந்திருந்தது.

தம்பி முன்னால் அவரைப் படியிலேயே காக்க வைத்துவிட்டு, இன்னும் ஐந்து தடவை மண்ணைக் குத்திக்கொண்டு நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. முதல் சொட்டு மழையும் கையில் விழுந்தது. கம்பியைச் சுவரில் சாத்தினாள். "ம், எடுங்க" என்றாள்.

சக்கரம் சுழன்றது. அவர் பிடி மெதுவாகத்தான் இருந்தது. பற்கள் கட்டையின் விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பக்கவாட்டில் வீசின, சக்கரத்தை மறைத்துத் தொங்கிய ரப்பர்த் திரைக்கு இந்தப் பக்கம் வெளிறிய மரத்தூள் குவிந்தது. பத்து நிமிடத்தில் கால்பகுதி காணாமல் போனது. அவருடைய தோள் தளர்ந்ததை அவள் பார்த்தாள். திரும்பி அவளைப் பார்த்து ஒரு தலையசைப்பு. எத்தனையோ மாதம் கழித்து வந்த பார்வை அது. அவளும் தலையசைத்தாள்.

அப்போது தூளின் நிறம் மாறியது.

முதலில் வேரின் நிறம் என்று நினைத்தாள். இல்லை, சிவப்பு. செங்கல் சிவப்பு. சத்தமும் மாறி, கரகரவென்று பல் கூசியது. மண்ணுக்குக் கீழே செங்கல் தானாக முளைக்காது. யாரோ கட்டியது. கட்டியிருக்கிறார்கள் என்றால் உள்ளே என்ன?

இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் போட்டு ஆட்டினாள். அது அவர்கள் பேசி வைத்த நிறுத்தக் குறி. அவர் குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், காது மூடி போட்டிருந்தார். அதே நேரம் சுவருக்கு மேலே டெய்லரம்மாவின் தலை தெரிந்தது.

"ஐயோ, அங்கயா அரைக்கிறீங்க? அங்க பழைய குழி இருந்துச்சே! நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது கக்கூஸ் குழி. மேல கல்லைப் போட்டு மூடினாங்க!"

அக்கா கேட்டு முடிப்பதற்குள் தரை உள்ளே போனது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. வண்டியின் பின்புறம், வலது பட்டை பக்கம், யாரோ கீழிருந்து இழுத்தது போல ஒரு முழம் இறங்கியது. படி சாய்ந்தது. அவர் சரிந்து, கைப்பிடியை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டார். கால்களுக்குக் கீழே மண் சரிந்து கறுப்பாக ஓர் ஓட்டை திறந்தது.

"விடுங்க! விட்டுட்டு இந்தப் பக்கம் விழுங்க!"

அவர் விடவில்லை. பிடியில் கை இருக்கும்வரை சக்கரம் சுற்றும். சுற்றுகிற சக்கரம் கட்டையில் மோதி மோதி எகிறியது. எகிறும் ஒவ்வொரு தடவையும் வண்டி இன்னும் ஒரு விரல் பின்னால் போனது. அப்படியே கவிழ்ந்தால் அவர் குழிக்குள், வண்டி அவர் மேல்.

கொழுந்தன் பாய்ந்தான். "அண்ணா!"

"நில்லு தம்பி! கால் வைக்காத, நம்ம எடைக்கும் சேந்து மண்ணு உள்ள போயிரும். கயிறு எடு. அந்தப் பின்வாசல் தூணைச் சுத்திக் கட்டு. பலகை! பலகையை இங்க தள்ளு!"

இடது ஓரத்துப் பலகைகளில் இரண்டை இழுத்து மண்ணின் மேல் நீளமாகத் தள்ளினார்கள். கயிற்றின் நுனியைத் தன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்துகொண்டு அவள் குப்புறப் படுத்து ஊர்ந்தாள். வயிற்றுக்குக் கீழே பலகை மெல்ல அமுங்குவது தெரிந்தது. மரத்தூள் முகத்தில் அடித்தது. மழை வேறு.

அருகில் போன பிறகுதான் அவர் முகம் தெரிந்தது. கண் எங்கேயோ நிலைத்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அவளுக்குப் புரிந்தது. அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஈரக்கிளையில் முன்பே ஒரு தடவை அந்தக் கை விட்டிருக்கிறது. விட்டால் என்ன ஆகும் என்று அந்த உடம்புக்குத் தெரியும். கத்தினால் அந்தக் கை இன்னும்தான் இறுகும்.

கத்துவதை நிறுத்தினாள். அவர் கண்ணுக்கு எதிரே வரும்வரை ஊர்ந்து, கையை நீட்டி அவருடைய இடுப்புப் பெல்ட்டைக் கொத்தாகப் பிடித்தாள். இன்னொரு கையால் காது மூடியைத் தள்ளிவிட்டாள்.

"என்னைப் பாருங்க. நான் பிடிச்சிருக்கேன். உங்க தம்பி என்னைப் பிடிச்சிருக்கான். நீங்க விழ மாட்டீங்க. இப்ப ஒரு கையை மட்டும் விடுங்க."

"வழுக்குது" என்றார்.

"வழுக்கட்டும். நான் விட மாட்டேன்."

இடது கை விட்டது. அது காற்றில் துழாவி அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டது. பிறகு, எவ்வளவு நேரம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது, வலது கையும் விட்டது.

எஞ்சின் நின்றது. சக்கரம் கடைசி ஒரு சுற்றுச் சுற்றிப் பச்சை மரத்தில் பல்லைப் பதித்து நின்றது. அந்த அமைதியில் குழிக்குள் செங்கல் விழும் சத்தம் கேட்டது. ஒன்று, சற்றுப் பொறுத்து 'பொளக்' என்று தண்ணீர். அந்த இடைவெளியில் ஆழம் தெரிந்தது.

"இழு தம்பி!"

கொழுந்தன் இழுத்த இழுப்பில் இருவரும் பலகையோடு சேர்ந்து வந்து புல்லில் விழுந்தார்கள். அவருடைய நொண்டிக்கால் முழங்காலுக்குக் கீழே நன்றாக உரிந்திருந்தது. வேறு எதுவும் இல்லை. டாக்டர் கையுறையோடு ஓடிவந்து, "யாருக்கு? யாருக்கு?" என்றார். "எல்லாம் கழுத்துக்குக் கீழதான் டாக்டர், உங்க டிபார்ட்மெண்ட் இல்ல" என்று கொழுந்தன் சொன்னான். சொல்லிவிட்டு அவன்தான் முதலில் அழுதான்.

மழை கொட்டத் தொடங்கியது. வண்டி அப்படியே பின்னால் சாய்ந்து தொங்கியது. முன்னால் பல் பதிந்த இடம் ஒன்றுதான் அதைப் பிடித்து நிறுத்தியிருந்தது. மண் ஊறினால் அதுவும் போகும். அக்கா தூணைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். எதில் கட்டி இழுப்பது? தூணில் கட்டினால் வண்டி குறுக்கே திரும்பிக் குழிக்குள் போய்விடும்.

"அடிக்கட்டையில கட்டு" என்றார் கணவர். டெய்லரம்மா கொடுத்த துணியைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார், பல் தந்தியடித்தது. "கால்வாசிதான் போயிருக்கு. அந்தப் பக்க வேர் மூணும் முழுசா இருக்கு. வண்டியையே தாங்கும். செயின் வின்ச்சை அதுல மாட்டி முன்னாடி இழு. கொஞ்சம் ஏறும்போதெல்லாம் பட்டைக்குக் கீழ பலகை குடு. அவசரப்படாத."

அப்படியே செய்தார்கள். கொழுந்தன் சங்கிலி இழுக்கும் கை வின்ச்சின் பிடியை ஒவ்வொரு பல்லாகத் தள்ள, அக்கா படுத்த வாக்கில் பலகையைச் செருக, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து, "நில்லு... இப்ப... இன்னும் ஒரு பல்லு... நில்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குரல் மெல்ல மெல்ல பழைய குரலாகியது. முக்கால் மணி நேரத்தில் வண்டி கெட்டித் தரைக்கு வந்தது. வலது பட்டையின் சட்டம் வளைந்திருந்தது.

மறுநாள் குழியைத் திறந்து பார்த்தபோது இரண்டு ஆள் ஆழம், அடியில் கழுத்தளவுத் தண்ணீர். டாக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்தக் குழியின் மேல்தான் இத்தனை நாளும் துணி காயப்போட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் வீட்டு வாசலில் பட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு எட்டு இடம் குத்தியிருக்கணும். மூணுதான் குத்தினேன்."

அவர் போல்ட்டைத் திருகுவதை நிறுத்தவில்லை. "தெரியும். எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."

"எண்ணினீங்களா? அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"ஏறி நின்னுட்டேன். அவன் பாத்துக்கிட்டு இருந்தான். இறங்க வெக்கமா இருந்துச்சு."

அவளுக்கு வந்த கோபத்தில் ஸ்பானரைத் தரையில் போட்டாள். "வெக்கத்துக்கா? ரெண்டு ஆள் ஆழம்!" கத்தியபோது குரல் உடைந்தது. அவர் எழுந்து வந்து, கை முழுக்கக் கிரீஸோடு எங்கே தொடுவது என்று தெரியாமல் நின்றார்.

"நீ மட்டும் என்ன? எனக்கு வெக்கம் வரக் கூடாதுன்னுதானே நீயும் கம்பியைச் சாத்தின" என்றார்.

இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். கொழுந்தன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனான்.

குழியை இடிபாடு கொட்டி நிரப்பி, மண் இறுகப் பத்து நாள் விட்டு, மிச்சம் இருந்த அடிக்கட்டையை அக்காதான் அரைத்து முடித்தாள். டெய்லரம்மா சீருடைகளை அனுப்பிவிட்டு, வேலை இல்லாத கையோடு சுவரில் சாய்ந்து கடைசிவரை வேடிக்கை பார்த்தாள். கணவர் எதிரே, அவள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கையை உயர்த்தத் தயாராக நின்றார். ஒரே ஒரு தடவை நிறுத்தினார். வேருக்குள் சிக்கிய கல். எடுத்துப் போட்டுவிட்டுத் தொடர்ந்தார்கள்.

அவர் மறுபடி அந்தப் படியில் ஏற நான்கு மாதம் ஆனது. யாரும் ஏறச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் ஒன்றின் திறந்த மைதானத்தில் சின்னதாக ஓர் அடிக்கட்டை. அக்கா எட்டு இடமும் குத்திப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஏறிவிட்டார். திரும்பி வந்தவள் தூரத்திலேயே நின்றுகொண்டாள். மூன்று முறை பிடியை விட்டு இறங்கினார், மூன்று முறை திரும்ப ஏறினார். அரைத்து முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. அவள் செய்திருந்தால் இருபது நிமிட வேலை.

"ரொம்ப நேரம் ஆக்கிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லையே" என்றாள் லிஃப்ட் அக்கா. தூளை அள்ள மண்வெட்டி எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள்.